நாக்கெல்லாம் வேப்பந்தூள்

எனக்கு முரட்டுக் கை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமொன்றும் இல்லை. வேங்கிக்காலில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டினேன். நான் சீல் குத்தினால் பக்கத்து மேஜைக்காரர் தன் டீ டம்ளரைப் பிடித்துக்கொள்வார். பேனாவால் எழுதினால் மூன்றாவது தாள் வரை எழுத்து இறங்கும். வீட்டில் மிக்ஸி மூடி, குழாய்த் திருகு, பீரோக் கைப்பிடி என்று என் கையால் ஒரு தடவையாவது உடையாத சாமான் கிடையாது. அப்படிப்பட்ட எனக்கு, ரிட்டயர் ஆன அடுத்த வருஷமே, பூப் போலப் பிடிக்க வேண்டிய ஒரு மெஷின் வந்து வாய்த்தது.

மெஷின் என் வீட்டுக்காரருடையது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் ஒரு வெள்ளைக்காரர் பட்டறையில் நின்று நாற்காலி செய்வதைத் தினமும் இரண்டு மணி நேரம் பார்ப்பார். பார்த்துப் பார்த்து ஆசை முற்றி, மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குகிற சாண்டர் மெஷின் ஒன்றை வரவழைத்துவிட்டார். அது பெட்டியோடு எட்டு மாதம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் என் கால் கட்டைவிரல் அதில் இடிக்கும். "எப்பங்க இதைப் பிரிக்கப் போறீங்க?" என்று கேட்டால், "அதுக்கேத்த மரம் அமையணும்மா" என்பார். பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி மரம் பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

மரம் என் நாத்தனாரிடமிருந்து வந்தது. நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. ஐம்பத்து நாலு வயது ஆகியும் அவர் அவளை "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில், ரோட்டைப் பார்த்த மாதிரி அவள் வீடு. கணவர் காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் அடுப்பு வைத்து இட்லி போடுவாள். வாங்குகிறவர்கள் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ருசி என்றால் ருசி; அவள் சாம்பாருக்கு நான் அடிமை. வீட்டின் முன்னறையைத் தட்டி எடுத்து, மேஜை பெஞ்சு போட்டு, பௌர்ணமிக்கு மட்டுமில்லாமல் தினமும் நடக்கிற டிபன் கடையாக ஆக்க வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை.

ஆனால் சென்னையில் இருக்கிற அவள் மகனுக்கு வேறு ஆசை. அம்மா தன்னோடு வந்து நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு முடிவாகக் கேட்டான். இவளும் வீம்பாகச் சொல்லிவிட்டாள்: "ஆவணி பௌர்ணமிக்குள்ள கடை திறக்கறேன். திறக்கலைன்னா அன்னிக்கே பொட்டியைக் கட்டிக்கினு உன்கூட வந்துடறேன். போதுமா?" அவனும் போதும் என்று சொல்லி, பௌர்ணமி வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குக் காரோடு வருவதாக நாள் குறித்துவிட்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன் காற்றில் சாய்ந்த வேப்பமரம் ஒன்று அவள் தோட்டத்தில் பலகையாக அறுபட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. அதில் நாலு மேஜை, எட்டு பெஞ்சு செய்ய ஒரு தச்சரிடம் பேசியிருந்தாள். பௌர்ணமிக்கு எட்டு நாள் இருக்கும்போது தச்சர் எல்லாவற்றையும் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். இறக்கிய கையோடு, வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்து வேலை வந்துவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு நானும் வீட்டுக்காரரும் ஸ்கூட்டியில் போனோம். மேஜை எல்லாம் பலமாகத்தான் இருந்தது. நாத்தனார் ஆசையாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்தபோது அவள் புடவை கூடவே எழவில்லை. பெஞ்சு புடவையைப் பிடித்துக்கொண்டது. அதை விடுவிக்கப் போன விரலில் சிலாம்பு ஏறிவிட்டது.

நான் அங்கேயே தச்சருக்குப் போன் போட்டேன்.

"இன்னாய்யா இது, பெஞ்சு செஞ்சியா, முள்ளுவேலி செஞ்சியா?"

"இழைப்பு ஒரு கை போட்டுட்டேங்கம்மா. உப்புத்தாள் தேய்க்கறதுதான் பாக்கி. வர்ற புதன் கழிச்சு வந்து..."

"புதன் கழிச்சுன்னா எந்தப் புதன்?"

அந்தப் பக்கம் போன் கட் ஆகிவிட்டது. நாத்தனார் விரலைச் சப்பிக்கொண்டே சிரித்தாள். "இதுல உட்கார வெச்சா, மலையைச் சுத்தி வந்த புண்ணியத்தையெல்லாம் எனக்குச் சாபமா குடுத்துட்டுப் போவாங்க அண்ணி. விடுங்க, பொட்டியைக் கட்டிடறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. "அந்த மெஷின்..." என்று இழுத்தார்.

திங்கட்கிழமை காலையில் மஞ்சப்பையில் மெஷினைப் போட்டு ஸ்கூட்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு போய் இறங்கினோம். பெட்டியைப் பிரித்தால், உள்ளங்கைக்குள் அடங்குகிற உருண்டை ஒன்று. அடியில் வட்டத் தட்டு. அந்தத் தட்டில் வட்டமாக வெட்டிய உப்புத்தாளை வைத்து அழுத்தினால், செருப்பு வார் ஒட்டிக்கொள்வது போல ஒட்டிக்கொள்ளும். தூளை உறிஞ்சிக்கொள்ளப் பின்னால் ஒரு குட்டிப் பை. தாளில் நம்பர் உண்டு: எண்பது என்றால் சொரசொரப்பு ஜாஸ்தி, நூற்றிருபது நடுத்தரம், இருநூற்றிருபது நைசு. வரிசை மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டும்.

"நீங்க புடிங்க" என்றேன்.

"எனக்குத் தோள்பட்டை வலி இருக்குதேம்மா. நீ புடி, நான் படிச்சு சொல்றேன்." எட்டு மாதம் ஆசைப்பட்டவர், நாற்காலியைப் போட்டுக்கொண்டு விளக்கப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியை வேறு துடைத்துக்கொண்டார்.

நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். ஸ்விட்சைப் போட்டு, சுற்றுகிற மெஷினை அப்படியே கொண்டுபோய் பெஞ்சின்மேல் வைத்தேன். அது தவளை மாதிரி குதித்தது. பெஞ்சின் குறுக்கே அரைவட்டமாக ஒரு கீறல். "முதல்ல மரத்து மேல வெச்சுட்டு அப்புறம்தான் ஸ்விட்ச் போடணும்னு போட்டிருக்கு" என்றார் அவர், நிதானமாக.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா கேடு?"

"அது மூணாவது பக்கத்துல இருக்குதும்மா."

இரண்டாவது தடவை மரத்தின்மேல் வைத்துத்தான் போட்டேன். இந்த முறை விடுவேனா என்று இரண்டு கையாலும் அழுத்தினேன். மெஷின் முனகியது. தூள் பறந்தது. எனக்குப் பரம திருப்தி. அரை மணி நேரம் அழுத்து அழுத்து என்று அழுத்தி ஒரு பெஞ்சை முடித்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நாத்தனார் வந்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நானும் சாய்ந்து பார்த்தேன். பெஞ்சு முழுக்கச் சின்னச் சின்னச் சுருள்கள். யாரோ முறுக்கு பிழிந்து வைத்தாற்போல வரிசை வரிசையாகக் கோடு. நடுவில் அங்கங்கே பள்ளம்.

"மெஷினோட வெயிட்டே போதுமாம். கையால அழுத்தக் கூடாதாம்" என்றார் வீட்டுக்காரர்.

"அழுத்தாம எப்படிங்க தேயும்? நீங்க ஒரு வாட்டி வந்து அழுத்தாம தேய்ச்சுக் காட்டுங்க!"

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. நாத்தனார்தான் நடுவில் வந்தாள். "அண்ணி, தோசைக்கல்லுல மாவை ஊத்திட்டுக் கரண்டியை அழுத்தினா என்ன ஆவும்?"

"கரண்டியோட மாவு வந்துடும்."

"அப்போ எப்படிச் சுத்துவீங்க?"

என் தோசை எப்போதும் கிழியும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுபடி மெஷினை எடுத்தேன். இந்த முறை பிடித்தும் பிடிக்காமலும் பிடித்தேன். அது நழுவி ஓடிவிடாமல் இருக்கிற அளவுக்கு மட்டும். ஒரு விஷயம் காதில்தான் முதலில் பட்டது. அழுத்தும்போது முனகின மெஷின், விட்டுப்பிடித்ததும் ஒரே சீராகப் பாட ஆரம்பித்தது. முனகல் கேட்டால் நான் அழுத்துகிறேன் என்று அர்த்தம். பாட்டு கேட்டால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு விளக்கப் புத்தகம் எனக்குத் தேவைப்படவில்லை, அவர் படிப்பதையும் நிறுத்தவில்லை.

இன்னொன்றும் பழகினேன். அவசரமே கூடாது. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாக, எறும்பு ஊர்கிற வேகத்தில் தள்ள வேண்டும். போன வரிசையில் பாதியை மிதித்துக்கொண்டு அடுத்த வரிசை வர வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் கை தானாகச் சாயும், சாய்ந்தால் ஓரம் மழுங்கிவிடும். தட்டு எப்போதும் மட்டமாகவே இருக்க வேண்டும். முடித்ததும் மெஷினைத் தூக்கிவிட்டுத்தான் ஸ்விட்சை அணைக்க வேண்டும். இதெல்லாம் சொன்னால் இரண்டு நிமிஷம். என் கைக்கு ஏற இரண்டு நாள் ஆனது.

எங்கே தேய்த்தோம், எங்கே தேய்க்கவில்லை என்று தெரிவதற்கு வெள்ளைக்காரர் ஒரு வழி சொல்லியிருந்தாராம்: பலகை முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட வேண்டும். கிறுக்கல் ஒன்றுகூட இல்லாமல் அழிந்தால், அந்த நம்பர் தாளின் வேலை முடிந்தது. நான் சும்மா கிறுக்குவேனா? தச்சரைத் திட்டி எழுதினேன். அடுத்த பெஞ்சில், என் இன்கிரிமென்ட்டை ஏழு மாதம் இழுத்தடித்த அதிகாரியைத் திட்டி எழுதினேன். அதற்கடுத்த பெஞ்சில் பக்கத்து வீட்டுக்காரி. நாலாவது மேஜைக்கு வந்தபோது திட்ட ஆள் தீர்ந்துவிட்டது, வீட்டுக்காரரை எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, "ஒற்று விட்டிருக்குது" என்று திருத்தினார். எழுதினதையெல்லாம் என் கையாலேயே அழித்து, பலகை சந்தன நிறத்தில் பளிச்சென்று வரும்போது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வாய்விட்டுப் பாடினேன். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன். ரோட்டில் போன ஒரு சாமியார் நின்று கேட்டுவிட்டுப் போனதாக நாத்தனார் பிறகு சொன்னாள்.

ஒரே ஒரு கஷ்டம், கசப்பு. வேப்பமரத் தூள் லேசுப்பட்டதில்லை. மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்டும் நாக்கெல்லாம் கசந்தது. டீ கசந்தது. தண்ணீர் கசந்தது. அவள் சாம்பார்கூடக் கசந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வடையைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சுகர் இருக்கறவங்களுக்கு ரொம்ப நல்லது அண்ணா, இன்னொண்ணு போட்டுக்குங்க" என்று அவள் தட்டில் இன்னொரு வடை வைத்தாள். இன்னொரு லாபமும் உண்டு. அவள் வீட்டு ஓட்டின்மேல் குடியிருந்த குரங்குக் கூட்டம், மெஷின் சத்தத்துக்கு முதல் நாளே ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறிவிட்டது. போண்டா மாவை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகிற சுதந்திரம் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கிடைத்ததாக அவள் பூரித்துப் போனாள்.

வழவழப்பாகிவிட்டதா என்று யார் சொல்வது? என் கை சொல்லும் என்று நினைத்தேன். "உங்க கைக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். உள்ளே போய் ஒரு பழைய நைலக்ஸ் புடவையை எடுத்து வந்தாள். கையில் அதைச் சுற்றிக்கொண்டு பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தாள். நடுவில் இரண்டு இடத்தில் துணி பிடித்தது. "இங்க. அப்புறம் இங்க." கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு அந்தப் புடவைக்குத் தெரிந்தது. "கட்டிக்கினு வர்றது எல்லாரும் புடவை வேட்டிதானே. துணி சரின்னு சொன்னாத்தான் சரி." எனக்குக் கோபமாக வந்தது, ஆனால் நியாயம் அவள் பக்கம். அந்த இரண்டு இடத்தையும் மறுபடி தேய்த்தேன். அன்றிலிருந்து அந்தப் புடவைதான் எங்களுக்கு மேலதிகாரி.

புதன்கிழமை எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. ஆறு பெஞ்சு புடவையில் தேறியிருந்தது. நான் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில், அவள் தூசி போகட்டும் என்று ஈரத்துணியால் ஆறையும் துடைத்துவிட்டாள். காய்ந்ததும் தொட்டுப் பார்த்தால் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருந்தது. மரத்தின் நார் எல்லாம் எழுந்து நின்றுகொண்டது. "மூணு நாள் வேலையைக் கெடுத்துட்டியேடி!" என்று கத்தினேன். அவளும் விடவில்லை. "கடைன்னா ஒரு நாளைக்கு இருவது வாட்டி ஈரத்துணி போடணும் அண்ணி. அப்ப எல்லாம் எழுந்து நிக்கும்ல?" வீட்டுக்காரர் நடுவில் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். கடைசித் தாள் போடுவதற்கு முன்னால் வேண்டுமென்றே ஈரத்துணியால் துடைத்து, நாரை எழவிட்டு, காய்ந்த பிறகு நைசுத் தாளால் ஒரே ஒரு சுற்று தேய்க்க வேண்டும் என்று போட்டிருந்ததாம். பதினோராவது பக்கம். "பாப்பா செஞ்சதுதான் ரைட்டு" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அவரை முறைத்தோம், சண்டை அத்தோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மேஜையும் எட்டு பெஞ்சும் தேறிவிட்டன. புடவை எங்கேயும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. சனிக்கிழமை வார்னிஷ் அடித்தால் ஞாயிற்றுக்கிழமை காய்ந்துவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை வேறு, இத்தனை நாள் உழைத்த மெஷினுக்கு ஒரு பூஜை போடாமல் இருந்தால் எப்படி? மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற பெரிய மேஜையின் நடுவில் அதை உட்கார வைத்தேன். பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். சூடம் ஏற்ற வேண்டும்.

"தட்டு எடுத்துட்டு வரேன், இருங்க அண்ணி" என்றாள்.

"தட்டெல்லாம் எதுக்கு, வெத்தலை போதும்" என்று ஒரு வெற்றிலையைப் போட்டு, அதன்மேல் பெரிய சூடக் கட்டியாக வைத்து, கொளுத்தினேன்.

மூன்று பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். நல்ல திருப்தியாகக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது வெற்றிலை சுருண்டு கருகி, சூடம் உருகி, மேஜையே எரிந்துகொண்டிருந்தது. அவள் ஓடிவந்து சொம்புத் தண்ணீரைக் கொட்டினாள். அணைந்தது. ஐந்து நாள் தேய்த்து வைத்த பலகையின் நட்ட நடுவில், உள்ளங்கை அகலத்துக்குக் கன்னங்கரேல் என்று ஒரு வட்டம்.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். எனக்கு என்மேலேயே வந்த ஆத்திரத்தில், மரம் லேசாக உலர்ந்ததும் எண்பதாம் நம்பர் தாளைப் போட்டு, கற்றுக்கொண்டது எல்லாவற்றையும் காற்றில் விட்டுவிட்டு, அந்தக் கறுப்பின்மேல் மெஷினை வைத்து அழுத்தினேன். மெஷின் முனகியது, கேட்கவில்லை. "ஒரே இடத்துல வெக்காதேம்மா" என்று அவர் கத்தினார், கேட்கவில்லை. கறுப்பு போகவில்லை. குழி விழுந்துவிட்டது. சாம்பார்க் கரண்டியின் அடிப்பாகம் உட்காரலாம் போல ஒரு குழி.

மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆபீஸில் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அன்றைக்குக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுக்குப் போய் அழுவாங்களா? போனாப் போவுது அண்ணி. மூணு மேஜை போட்டுக்கலாம். இல்லைன்னா இருக்கவே இருக்குது மெட்ராஸ். பையன் நல்லாத்தான் வெச்சுக்குவான்."

"நீ போவக் கூடாது" என்றேன். "நீ போயிட்டா நான் யார்கிட்ட சண்டை போடறது? இந்த மனுஷன் சண்டைக்கும் வரமாட்டாரு. எனக்கு உன்னை விட்டா யாருடி இருக்காங்க?"

கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் இப்படிப் பேசியதே கிடையாது. வந்த புதிதில் முகம் கொடுத்தே பேச மாட்டோம். அவள் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டது. "எனக்கு மட்டும் போவணும்னு ஆசையா?" என்றாள். "அங்க போனா என்னைக் கரண்டியே புடிக்க விடமாட்டான். நீ உட்காரும்மா, உட்காரும்மான்னே சொல்லுவான். உட்கார்ந்துக்கினு நான் இன்னா செய்யறது அண்ணி?" என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். அழுவதற்கு அதில் பக்கம் எதுவும் போட்டிருக்கவில்லை போல.

குழியை மட்டும் சரிசெய்ய முடியாது என்று எனக்கே தெரிந்தது. குழியை மேடாக்க முடியாது. சுற்றியிருக்கிற மரத்தைத்தான் குழியளவுக்கு இறக்க வேண்டும், மேஜை முழுக்க, சமமாக. அதற்கு மறுபடி எண்பது, மறுபடி நூற்றிருபது, மறுபடி இருநூற்றிருபது. எவ்வளவு நேரமாகும்? சனிக்கிழமை மதியத்துக்குள் முடித்தால்தான் வார்னிஷ்.

சனிக்கிழமை காலை வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் என் கை மரத்துப்போனது. விரல்கள் மெஷினை நிறுத்திய பிறகும் அதிர்ந்துகொண்டேயிருந்தன. "குடுங்க அண்ணி" என்று நாத்தனார் வாங்கினாள். ஐந்து நாளில் அவள் அதைத் தொட்டதுகூட இல்லை. பயப்படுவாள் என்று நினைத்தேன். மேஜையின்மேல் வைத்தாள், ஸ்விட்சைப் போட்டாள். முனகல் என்பதே கிடையாது. முதல் நொடியிலிருந்தே மெஷின் பாடியது. நாலு விரல் மேலே சும்மா இருக்க, குழியைச் சுற்றி அகலமாக, பிறகு இன்னும் அகலமாக, பிறகு மேஜை ஓரம் வரை. முப்பது வருஷமாக மாவைப் பரத்தின கை. நான் இரண்டு நாள் தொண்டை கிழியக் கத்திக் கற்றுக்கொண்டதை அவள் பார்த்தே கற்றிருந்தாள்.

"இவ்ளோ நாளா ஏன்டி சும்மா இருந்தே?"

"நீங்க எங்க குடுத்தீங்க?"

ஆளுக்கு அரை மணி என்று மாற்றி மாற்றித் தேய்த்தோம். வீட்டுக்காரர் ஒரு நீளமான ஸ்கேலை மேஜைமேல் நிறுத்தி, அதற்கடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். "இன்னும் ஒரு நூல்." "இன்னும் அரை நூல்." பத்தரை மணிக்கு வெளிச்சம் தெரியவில்லை. கறுப்பு போய் லேசாகப் பழுப்பு நிழல் மட்டும் நின்றது. தெரியாதவர்கள் மரத்தின் ரேகை என்றுதான் நினைப்பார்கள். ஈரத்துணி போட்டு, காயவிட்டு, கடைசித் தாளும் போட்டாயிற்று. அவள் புடவையை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் இழுத்தேன். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தேன். பிடிக்கவேயில்லை. "பாஸு!" என்று நான் போட்ட சத்தத்துக்குத் தெருவில் போன ஆட்டோ நின்றது. மதியம் ஒரு பூச்சு, சாயங்காலம் ஒரு பூச்சு, வார்னிஷ் அடித்து முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட்டோம். பௌர்ணமி அன்று நேரம் ஆக ஆகக் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். மதியம் மூன்று மணிக்கு இலையில் முதல் இட்லி விழுந்தது. நாலு மணிக்கெல்லாம் கூட்டம். வெறுங்காலோடு பாதி மலை சுற்றி வந்தவர்கள், வழவழவென்ற பெஞ்சைப் பார்த்ததும் அப்பாடா என்று சாய்ந்தார்கள். ஒரு அம்மா சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் பெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் இலை போட்டேன், அவர் தண்ணீர் வைத்தார், நாத்தனார் அடுப்பை விட்டு நகரவில்லை.

ஐந்து மணிக்கு அவள் மகன் வந்தான். காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு நடந்தே வந்திருக்கிறான். சட்டை நனைந்து, முகம் சிவந்து, பெரிய மேஜைக்கு முன்னால் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். நான் இலை போட்டேன். தலை நிமிராமல் எட்டு இட்லி சாப்பிட்டான். எனக்குப் பயம் வந்துவிட்டது. கடை திறந்தாயிற்று, வாஸ்தவம்தான். ஆனால் அம்மா என்றால் பிள்ளை கூப்பிடுகிற குரலுக்கு இளகிவிடுவாளே, இவனும் அம்மா என்று கூப்பிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

கை கழுவிவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தான். "அம்மா" என்றான், சமையல் பக்கம் பார்த்து. "கொஞ்சம் இப்படி வந்து உட்காரும்மா. பேசணும்."

நாத்தனார் வெளியே வந்தாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை, கையில் சாம்பார் வாளி. வாசலில் இடம் கிடைக்காமல் ஒரு குடும்பமே நின்றுகொண்டிருந்தது, ஆறு பேர். அவள் அவர்களைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

"ஏந்திரிப்பா" என்றாள். "நீ சாப்பிட்டு எவ்ளோ நேரம் ஆச்சு. அந்த இடத்துல நாலு பேரு உட்காருவாங்க. இந்தா, இந்த வாளியைப் புடி. அந்தக் கோடியில இருந்து ஊத்திக்கினு வா."

அவன் எழுந்து வாளியை வாங்கினான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். என் பக்கமாக வரும்போது குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"அத்தே, அம்மா வரமாட்டாங்க, இல்ல?"

"வரமாட்டா கண்ணு" என்றேன். "கெட்டியா ஊத்து, அடியில இருந்து கலக்கி ஊத்து."